பதினோராம் தொகுதியில் என் பல்

உங்கள் வாயில் இருந்த பல் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? சிரித்துக் காட்டுவீர்கள். எனக்கு அந்த வழியும் இல்லை. பல் அவர்களிடம் இருந்தது.

நான் குழாய் வேலை செய்கிறவன். என் மேல்வரிசை முழுக்கப் பல் செட். வேலைக்குப் போகிற இடங்களில் நான் மறந்து வைக்காத பொருள் இல்லை. குறடு, குடை, ஒருமுறை செருப்பு. மறுநாள் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த ஒரு இடத்தில்தான் நான் மறந்த பொருளுக்கு நாலாயிரம் வயதாகிவிட்டது.

பழைய எகிப்தைப் பற்றி ஆராய்ச்சிப் புத்தகங்கள் வெளியிடுகிற நிறுவனம் அது. தூண் வைத்த கல் கட்டடம். உள்ளே போனால் இருமுவதற்குக்கூட யோசிக்க வேண்டும். இதை ஆரம்பித்தவர் அந்தக் காலத்தில் எகிப்துக்குப் போய் ஓர் அரசரின் கல்லறையைத் தோண்டியிருக்கிறார். அரசர் உள்ளே இல்லை. நகை, சிலை, சாடி ஒன்றும் இல்லை. முன்னாலேயே வந்த திருடர்கள் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் மணல். வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு அவர் மணலைப் பெட்டி பெட்டியாக அடைத்துக் கப்பல் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து அந்த மணலைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் தொகுதி, கல்லறைக்குப் போகும் பாதை. இரண்டாம் தொகுதி, வாசல்படி. மூன்றாம் தொகுதி, இரண்டாம் தொகுதியில் சொன்னது வாசல்படியே இல்லை என்பது. நான்காம் தொகுதி, மூன்றாம் தொகுதியை எழுதியவருக்குக் கண் சரியில்லை என்பது. பத்தாம் தொகுதியில்தான் ஒருவழியாகக் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள். எழுதியவர்கள் அந்தப் புத்தகங்களைப் படிப்பதில்லை, எழுதியாகிவிட்டதே. மற்றவர்களும் படிப்பதில்லை. படித்தால் பதில் எழுத வேண்டும்.

அடித்தளத்தில் குழாய் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மணல் பெட்டிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. என்னைக் கீழே கூட்டிப் போனவர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். பொருள்களைத் தொட்டு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. கையுறை இல்லாமல் எதையும் தொடக் கூடாது என்பது அங்கே முதல் விதி. அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. டீயைக்கூடக் கையுறையோடுதான் குடித்தார்.

குழாய் சுவரோரம், ஒரு பெட்டிக்குப் பின்னால் இருந்தது. இரண்டு கையும் குறட்டுக்கு வேண்டும். டார்ச்சை வாயில் கடித்துக்கொள்ளலாம் என்றால் பல் செட் வழுக்கியது. கழற்றினேன். தூசி படக் கூடாது என்று குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்துப் பல்லைச் சுற்றோ சுற்று என்று சுற்றினேன். மூடி திறந்திருந்த பெட்டியில், மணல் மேல் வைத்தேன். அப்போது பார்த்துக் குழாய் வெடித்துவிட்டது. தெருவில் இருக்கிற வால்வை மூட ஓடினேன். நான் திரும்பி வருவதற்குள் பெட்டிகளுக்கெல்லாம் ஆணி அடித்து மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். பல் தண்ணீரோடு போய்விட்டது என்று நினைத்து நான் சாக்கடையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அது மாடியில் புகழடைந்துகொண்டிருந்தது.

என் மகள்தான் பத்திரிகையில் பார்த்தாள்.

"அப்பா, இங்க பாருங்க. எகிப்து ராஜாவோட பல்லாம். அப்படியே உங்க பல் மாதிரி இருக்கு."

பார்த்தேன். இடது பக்கத்தில் ஒரு பல்லின் நுனி உடைந்திருந்தது. மரையாணியைக் கடித்துப் பிடிக்கிற பழக்கத்தால் நான் உடைத்த நுனி.

"மாதிரி என்ன மாதிரி, அதேதான்."

"உடனே போய் வாங்கிட்டு வாங்கப்பா! கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கு?"

ஒரு வாரம்கூட இல்லை. பிழைக்க வந்த ஊர் இது. இங்கே எங்களுக்கு உறவென்று யாரும் இல்லை. அவள் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாப்பிள்ளை பக்கம் ஒரு பஸ் நிறைய ஆள் வருவார்கள். எங்கள் பக்கம் நான் ஒருவன்.

"ஃபோட்டோவுல நீங்க வாயைப் பொத்திக்கிட்டு நின்னா, பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டமில்லைன்னு அத்தை நினைச்சுப்பாங்க" என்றாள். அத்தை என்றது வரப்போகிற மாமியாரை. பிறகு சுவரைப் பார்த்தாள். அங்கே எங்கள் வீட்டின் ஒரே குடும்பப் படம் மாட்டியிருந்தது. ஃபோட்டோக்காரர் அசையாதீர்கள் என்று மிரட்டியதில் அவள் அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற படம். "அம்மாதான் சிரிக்கல. நீங்களாவது சிரிங்கப்பா."

நேரே நிறுவனத்துக்குப் போனேன்.

இயக்குநரின் அறையில் பதினோரு தொகுதிகளும் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. பதினோராவதின் தலைப்பு, 'அரசரின் வாய்'. இயக்குநர் மென்மையானவர். யார் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். பக்கத்தில் ஒரு பேராசிரியை இருந்தார். அவர் எழுதுகிற பக்கங்களில் மேலே ஒரு வரி இருக்கும், கீழே அடிக்குறிப்பு ஊர்வலம் போகும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அடிக்குறிப்பு அம்மா. டீயைக் கையில் வைத்துக்கொண்டே "சூடா இருக்குன்னு சொல்றாங்க" என்பார்.

"சார், அது என் பல்" என்றேன், கையால் வாயை மறைத்துக்கொண்டு.

இயக்குநர் கண்ணை மூடினார். "எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். பழைய பொருளைப் பாத்தா நம்மளோடதுங்கிற பாசம் வரும். அதுதான் நாகரிகத்தோட வெற்றி."

"பாசம் இல்ல சார். பல்லு."

அடிக்குறிப்பு அம்மா பேனாவைத் திறந்தார். "எந்த நூல்ல இருக்கு?"

"எது மேடம்?"

"இது உங்க பல்லுன்னு இதுக்கு முன்னாடி யார் எழுதியிருக்காங்க?"

"யாரும் எழுதல மேடம். வாயிலதான் இருந்துச்சு."

"அப்ப இது புதுக் கருத்து." பேனாவை மூடிவிட்டார். "புதுக் கருத்தை நாங்க ஏத்துக்கிறதில்ல. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா அதைத் திருப்பிச் சொல்லலாம்."

"முதல்ல சொல்றவர் யாரைப் பாத்துச் சொல்லுவார் மேடம்?"

"அந்த மாதிரி ஆளுங்களாலதான் இவ்வளவு தொல்லையும்."

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு வாசல்படிக்கு வருஷக்கணக்கில் எழுதியவர்கள், என் பல்லுக்கு மட்டும் எப்படி ஒரு வாரத்தில் இவ்வளவு தடியான புத்தகம் போட்டார்கள்? கேட்டேன். இயக்குநர் முதல்முறையாகக் கண்ணைத் திறந்தார்.

"புத்தகம் எப்பவோ தயார் பெரியவரே. பொருள்தான் கிடைக்காம இருந்துச்சு. அரசருக்குப் பல் இருந்திருக்கும், அது இப்படி இருந்திருக்கும்னு எழுதி முடிச்சு, படத்துக்கு மட்டும் இடம் விட்டு வெச்சிருந்தோம். இங்க நாங்க ஆதாரத்துக்காக அவசரப்படுறதில்ல. முதல்ல புத்தகம். ஆதாரம் தன்னால வரும். வரலன்னா அது ஆதாரத்தோட குறை."

"சார், அதைச் சுத்தியிருந்தது குழாய் டேப் சார். என்கிட்ட இருக்கு பாருங்க." பையிலிருந்து டேப் உருளையை எடுத்து நீட்டினேன்.

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். "நூலே இல்லாத துணி! தறியில நெய்யாத துணி! மம்மிக்குச் சுத்துற துணியில இதுவரைக்கும் யாரும் பாக்காத வகைன்னு புத்தகத்துல எழுதினோம். இதோ, ரெண்டாவது துண்டு!" மணியை அடித்தார். கையுறைக்காரர் வந்தார். இடுக்கியால் என் டேப்பை எடுத்து ஒரு தட்டில் வைத்து, தட்டை மூடி, கொண்டு போய்விட்டார்.

பல்லைக் கேட்கப் போய் டேப்பையும் விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வழி பல் டாக்டர். அந்தச் செட்டைச் செய்தவரே அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. போனபோது டாக்டர் நோயாளி நாற்காலியில் தானே சாய்ந்து உட்கார்ந்து, பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு பதினோராம் தொகுதியைப் படித்துக்கொண்டிருந்தார். உலகத்திலேயே அதைப் படித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"டாக்டர், அது நீங்க செஞ்ச செட்டுதானே?"

"உக்காருங்க" என்றார். உட்கார வேறு இடமில்லை. நின்றேன். அவர் வாசித்தார். "'இதைச் செய்த கைவினைஞன் அரசவையின் மிகப்பெரிய மேதையாக இருந்திருக்க வேண்டும். அவன் விரல்களில் தெய்வம் குடியிருந்தது.'" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷமா வாய்க்குள்ள கைவிட்டுக்கிட்டு இருக்கேன். வலிக்குதுன்னு சொன்னவங்க உண்டு, கடிச்சவங்க உண்டு. ஒருத்தராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா?"

"நீங்க எழுந்து வந்து, நான்தான் செஞ்சேன்னு சொன்னா உங்களுக்குத்தானே பெருமை?"

"சொன்னா மேதை போயிடுவான். நான்தான் மிச்சம் இருப்பேன்."

"சரி, புதுசா ஒண்ணாவது செஞ்சு குடுங்க. கல்யாணம் வருது."

டாக்டர் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். "அதுக்கும் வழியில்ல. 'இந்தக் கலை அவனோடு அழிந்துவிட்டது'ன்னு போட்டிருக்காங்க. அழிஞ்சு போன கலையை நான் எப்படிங்க செய்யறது?"

திரும்பி வரும்போது வாசலில் புதிதாக ஒரு பலகை இருந்தது. 'இங்கு கட்டப்படும் பல் நாலாயிரம் ஆண்டு உழைக்கும்.'

என் தொல்லை தாங்காமல் நிறுவனத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். பல்லை என் வாயில் போட்டுப் பார்ப்பது. பொருந்தாது என்று எல்லோர் முன்னும் காட்டி என்னை அனுப்பிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. நீள மேஜையைச் சுற்றி அறிஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி திறந்தது. பஞ்சு மெத்தை மேல் என் பல் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் என்னையறியாமல் கையை நீட்டிவிட்டேன்.

"கை! கை! கையுறை!" அறை முழுக்கக் கத்தியது.

கையுறைக்காரர் இடுக்கியால் எடுத்து என் வாயில் வைத்தார். டக்கென்று உட்கார்ந்தது. கன்னம் நிமிர்ந்தது. நான் சிரித்தேன். எத்தனை நாளைக்கப்புறம்!

தோற்றார்கள் என்று நினைத்தேன். இயக்குநர் மெல்ல எழுந்தார்.

"அறிஞர்களே, என்ன பாக்கறோம்? அரசருக்கும் இந்தக் குழாய்க்காரருக்கும் ஒரே தாடை! அரசரோட முகம் எப்படி இருந்திருக்கும்னு கேட்டவங்களுக்கெல்லாம் பதில் இதோ நிக்குது!"

கைதட்டினார்கள். ஒருவர் என் மூக்கை அளந்தார். ஒருவர், உடைந்த நுனியைப் பார்த்து, எதிரி நாட்டுத் தூதன் எதிரே அரசர் கோபத்தில் எதைக் கடித்திருப்பார் என்று கேட்டார். மரையாணி என்றேன். அந்தக் காலத்தில் மரையாணி கிடையாது, அதனால் நான் சொல்வது தவறு என்றார். பிறகு இடுக்கி வந்தது. வாயைத் திறந்தேன். பல் மெத்தைக்குத் திரும்பிப் போனது.

வெளியே மாடிப்படியில் கையுறைக்காரர் என் பின்னால் வந்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க அண்ணே. என் வேலை இது. பொண்ணுக்குக் கல்யாணம்னீங்களே, என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை காலையில. நீங்களும் வாங்களேன் தம்பி. எங்க பக்கம் ஆளே இல்ல."

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னை யாரும் கல்யாணத்துக்கு எல்லாம் கூப்பிட்டதில்லண்ணே. நாள் பூரா செத்தவங்க சாமானைத் தொடுறவன்னு நினைக்கிறாங்களோ என்னவோ."

வியாழக்கிழமை மாலை புத்தக வெளியீட்டு விழா. என்னையும் கூப்பிட்டார்கள், விருந்தாளியாக இல்லை. பல்லைச் சும்மா மெத்தையில் காட்டினால் பின்வரிசைக்குத் தெரியாதாம். அதனால் என் வாயில் வைத்துக் காட்டப்போகிறார்கள். சட்டையில் ஓர் அட்டை குத்தினார்கள். 'தாங்கி' என்று எழுதியிருந்தது. சிலை நிற்கிற பீடத்தைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்களாம்.

இயக்குநர் பேசினார்.

"இந்த நிறுவனம் எகிப்தை நேசிக்குது. நான் அங்க போனதில்ல. தூசி எனக்கு ஒத்துக்காது. ஆனா போனவங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா அவங்க கண்ணால பாத்துக் குழம்பிட்டாங்க. எங்க எதிரிகள் கேக்கறாங்க, இத்தனை வருஷமா மணலைத் தவிர என்னத்தைக் கண்டுபிடிச்சீங்கன்னு. நான் பணிவோட சொல்றேன், ஒண்ணும் கண்டுபிடிக்காமலே பத்துத் தொகுதி எழுதின நிறுவனம் உலகத்துல வேற எங்க இருக்கு?"

கைதட்டல் அடங்க நேரமானது. இடுக்கி வந்தது, பல் உட்கார்ந்தது, மைக்கை என் முன்னால் தள்ளினார்கள். ஏதாவது ஒரு சத்தம் எழுப்பினால் போதும், அரசரின் ஒலிப்பு தெரிந்துவிடும் என்றார்கள்.

வாயில் பல் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"இது என் பல்லுங்க. நாளைக்குக் காலையில என் பொண்ணுக்குக் கல்யாணம். அவ அம்மா இல்ல. ஃபோட்டோவுல அப்பாவாவது சிரிக்கணும்னு கேட்டா. அவ்வளவுதாங்க. ஃபோட்டோ எடுக்கிற வரைக்கும் குடுத்தாக்கூடப் போதும்."

ஒரு மூலையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இயக்குநர் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். அடிக்குறிப்பு அம்மா குதித்து எழுந்தார்.

"இப்ப என்ன சொன்னார்? அந்தப் பல்லோட என்ன சொன்னார்?"

"பொண்ணுக்குக் கல்யாணம்னு சொன்னாரு மேடம்" என்றார் கையுறைக்காரர்.

"சொன்னதாச் சொல்றாங்க!" அம்மா இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், பன்னிரண்டாம் தொகுதி!"

இயக்குநரின் கண் திறந்தது. எனக்கு விஷயம் பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டாம் தொகுதி 'அரசரின் மகள் திருமணம்'. எப்போதோ எழுதி முடித்துப் படத்துக்கு மட்டும் இடம் விட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அரசருக்கு மகள் இருந்ததற்கே ஆதாரம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் கூடிக்கூடிப் பேசினார்கள். அரசரின் பல் ஒரு திருமணத்துக்குப் போகிறது என்றால் அது வெறும் கல்யாணம் இல்லை, கள ஆய்வு. கள ஆய்வுக்குப் பொருளை வெளியே அனுப்பலாம் என்று ஐந்தாம் தொகுதியின் முன்னுரையில் யாரோ எழுதியிருந்தார்களாம். முன்னாலேயே எழுதியிருப்பதால் அடிக்குறிப்பு அம்மாவுக்கும் ஆட்சேபணை இல்லை.

"பெரியவரே" என்றார் இயக்குநர், "மனிதாபிமானத்தோட முடிவு பண்ணியிருக்கோம். பல் வரும். கூட இவரும் வருவார்." கையுறைக்காரரைக் காட்டினார். "ஃபோட்டோ முடிஞ்சதும் எடுத்துருவார். சாப்பாட்டுக்கு முன்னாடி. பொருள் உணவைத் தொடக் கூடாது. அதை வேற யாரும், ஏன் நீங்களும், கையால தொடக் கூடாது. கையுறை இல்லாம இவரே தொடக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றோம் இருவரும்.

மறுநாள் காலை என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. கையுறைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் பெட்டியோடு, எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். இடுக்கியால் பல்லை என் வாயில் வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். மாப்பிள்ளை பக்கம் நாற்காலிகள் நிறைந்து, மிச்சம் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஃபோட்டோவுக்குக் கூப்பிட்டபோது மகள் அவரைப் பார்த்து, "சித்தப்பா, நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க? நம்ம பக்கம் வாங்க" என்றாள். அவர் வந்து என் பக்கத்தில் நின்றார். படத்தில் நான் சிரிக்கிறேன். எங்கள் பக்கம் இரண்டு பேர் இருக்கிறோம்.

படம் எடுத்து முடிந்தது. சாப்பிடக் கூப்பிட்டார்கள். மகள் தன் கையாலேயே அவருக்கு ஒரு தட்டில் சாப்பாடு வைத்து நீட்டினாள். அவர் தட்டைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், பைக்குள் இருந்த இடுக்கியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு கையுறைகளையும் கழற்றி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.